எட்டு மாதம் நடந்தும் எடை குறையவில்லையே, நடந்து என்ன பயன்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

வயது 52. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. வீட்டிலேயே துணி தைக்கிறார். மோட்டார் வைத்த மெஷின் முன்னால் தினமும் ஆறேழு மணி நேரம் உட்காருகிறார். உயரம் 154 செ.மீ. ஆறு வருடமாகச் சர்க்கரை. இரண்டு வேளை மெட்ஃபார்மின், காலையில் ஒரு கிளிமெபிரைடு. எட்டு மாதங்களுக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.4 என்று வந்ததும் பயந்துபோய், தெருப் பெண்கள் மூன்று பேரோடு காலேஜ் கிரவுண்டில் காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம். இப்போது அந்த அளவு 7.8. எடை மட்டும் 72 கிலோவிலிருந்து 71-க்குத்தான் வந்திருக்கிறது.

வலது முழங்காலில் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "லேசா தேய்மானம் இருக்கு, மாடிப்படி ஏறாதீங்க, சம்மணம் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் மகள், பக்கத்து டவுனில் இருக்கும் பெண்கள் ஜிம்மில் மூன்று மாதப் பணம் கட்டிவிட்டாள். மாமியார், "பொம்பளைங்க பாரந் தூக்குனா அடிவயிறு இறங்கிப் போயிரும் கண்ணு" என்கிறார். கணவர், வீட்டு வேலை செய்வதே போதும் என்கிறார். இதற்கிடையில் போன மாதம் ஒரு நாள் கிரவுண்டிலேயே கை கால் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. உடம்பு பலவீனமாகிவிட்டதென்று பத்து நாள் நடையை நிறுத்திவிட்டார்.

கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: "வேகமா நடந்தாலும் இருமினாலும் கொஞ்சம் சிறுநீர் கசியுது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை."

சகோதரி, முதலில் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்கும் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 8.4 என்பது 7.8 ஆகியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டாமல், நடையால் மட்டும். புதிதாக ஒரு மாத்திரை சேர்த்து இந்த அளவு குறைந்திருந்தால் உங்கள் மருத்துவர் "நல்லா வேலை செய்யுது" என்று சொல்லியிருப்பார். எடை மெஷினின் முள்ளைப் பார்த்து உங்கள் நடைக்கு மார்க் போட்டுவிட்டீர்கள். அந்த முள்ளுக்குச் சர்க்கரை தெரியாது, ரத்த அழுத்தம் தெரியாது, தூக்கம் தெரியாது.

இதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். உணவை ஒழுங்குசெய்து, நடை முதலிய உடலுழைப்பைக் கூட்டியவர்களிடம் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் அந்தத் தசைகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்கக் கூடாது என்கிறோம்.

எடை ஏன் குறையவில்லை என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நடந்து முடித்ததும் நால்வரும் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ, ஒரு வடை. நாற்பது நிமிட மெதுநடையில் செலவானது ஏறக்குறைய அதோடு திரும்பி வந்துவிடும். அந்த அரட்டையை விட்டுவிடாதீர்கள். எட்டு மாதம் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அதுதான். டீயில் சர்க்கரையை விட்டுவிட்டு, வடையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டால் போதும். உங்கள் உயரத்துக்கு 71 கிலோ அதிகம்தான். ஆனால் மூன்று நான்கு கிலோ மெல்ல இறங்கினாலே முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் பெரிய உபகாரம். இடுப்புச் சுற்றளவையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தையல்காரரிடம் இஞ்ச் டேப் இல்லாமலா இருக்கும்? இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லை.

அந்தக் காலை நடுக்கம்

இது பலவீனம் அல்ல. சர்க்கரை தாழ்ந்துபோனது. உங்கள் கடிதத்தில் இதை நான் மூன்று முறை படித்தேன்: "மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கரையும் என்று சொன்னார்கள்." கிளிமெபிரைடு உடம்பை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இல்லை, காலோ நடக்கிறது, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். நடுக்கமும் வியர்வையும் கண் இருட்டலும் அப்படித்தான் வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது அநேகமாக வருவதில்லை.

கிளிமெபிரைடைக் காலைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். நடைக்கு முன்னால் வேண்டாம். அந்தக் காலை நடந்ததை உங்கள் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். இப்போது உழைப்பு கூடியிருப்பதால் அவரே மாத்திரையைக் குறைக்கலாம், மாற்றலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். புடவைத் தலைப்பிலோ பர்ஸிலோ நான்கைந்து குளுக்கோஸ் பிஸ்கட்டும், ஒரு சின்னப் பொட்டலத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையும் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து அந்தச் சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் பிஸ்கட். கூட நடக்கும் மூன்று பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நடுக்கமும் இருக்கிறது, அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ தோளிலோ இழுக்கும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இனந்தெரியாத அசதி வந்தால் சர்க்கரை என்று சமாதானம் சொல்லாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் பெரிய வலியில்லாமலே வரும்.

வீட்டு வேலை போதுமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. கூட்டுவதும் துவைப்பதும் உடம்பை அசைக்கிறது; உட்கார்ந்தே இருப்பதைவிட எவ்வளவோ மேல். 1953-ல் லண்டன் பஸ்களை வைத்து ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உங்கள் தொழிலோ டிரைவர் சீட். ஒரு பிளவுஸ் முடிந்ததும் எழுந்து முற்றம் வரை போய் வாருங்கள்.

மீதிப் பாதிதான் நான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. என் அறையில் நோயாளி உட்காரும் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கிளம்பும்போது, "கையைப் பிடிக்காம எழுந்திருங்க பார்ப்போம்" என்பேன். கை தானாகவே கைப்பிடியைத் தேடும். கையை நெஞ்சில் கட்டச் சொன்னால், கொசுவத்தை ஒதுக்கி, பாதத்தைப் பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்து, ஒரு தடவை ஆடி எழுவார்கள். சிலரால் எழ முடியாது. வருடக்கணக்காகத் தினமும் வீட்டு வேலை செய்தவர்கள்தான். ஏனென்றால் வீட்டு வேலையின் பாரம் கூடுவதே இல்லை. நேற்றுத் தூக்கிய அதே வாளிதான் இன்றும். கல்யாணமான புதிதில் நீங்கள் இடுப்பில் சுமந்த குடம் போய் வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது, ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் தசை, கேட்டால்தான் கொடுக்கும். நேற்றைவிடச் சற்று அதிகமாகக் கேட்டால்தான் வளரும். கேட்காமல் விட்டால் வருடாவருடம் கரையும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பையும் சேர்த்துக்கொண்டு கரையும்.

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தொடையிலும் முதுகிலும் கையிலும் பலம் சேர்க்க அது போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அதோடு கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் சொல்வதே இல்லை. அரசும் 2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது, அதை வரவேற்கிறேன். பலத்துக்கும் யாராவது ஒரு பாதை போட வேண்டும்.

வயசாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். 1990-ல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நீங்கள் அவர்களைவிட நாற்பது வயது சின்னவர்.

முழங்கால்

"தேய்மானம்" என்ற சொல்லே பயமுறுத்துகிறது. செருப்பு தேய்வதுபோல, நடக்க நடக்க மூட்டு தீர்ந்துபோகும் என்று நினைக்க வைக்கிறது. மூட்டு செருப்பு அல்ல. அதன் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அழுந்தி விடும்போதுதான் சத்து உள்ளே போகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும். முழங்காலைத் தாங்குவது முன்தொடைத் தசை. அது மெலிந்தால் பாரம் நேராக மூட்டில் விழும்.

மருத்துவர் சொன்னதும் தவறில்லை. வீங்கி, வலி உச்சத்தில் இருக்கும் நாட்களுக்கு அது சரியான அறிவுரை. அதை நீங்கள் ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பயிற்சியின்போது பொறுக்கக்கூடிய வலி வரலாம், மறுநாள் காலை வழக்கமான நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த முறை குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வீக்கம், சூடு, மூட்டு பூட்டிக்கொள்வது, திடீரென்று காலை வாரிவிடுவது இருந்தால் மறுபடியும் போய்க் காட்டுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

பொடி எழுத்தில் எழுதிய வரி

உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய விஷயம் அந்தச் சின்ன வரிதான். இருட்டோடு நடக்கப் போவதும், வேகமாக நடக்காததும், ஜிம் என்றதும் தயங்குவதும் இதனால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. பிரசவமான பெண்களில் ஏராளமானவர்களுக்கு இது இருக்கிறது. தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் நனையும். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, நாப்கின் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருகிறாள். உங்களோடு நடக்கும் மூன்று பேரில் இன்னொருவருக்கும் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இது வெட்கப்பட வேண்டியதும் அல்ல, விதியும் அல்ல. சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் அடித்தளத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. அவையும் தசைதான், பயிற்சிக்குக் கட்டுப்படும். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோலவும் சிறுநீரை நடுவில் நிறுத்துவதுபோலவும் உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே நேரம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து. நாளுக்கு மூன்று தடவை. மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. கழிப்பறையில் சிறுநீரை நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கப் பழகினால் கசிவு பாதி நின்றுவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் கொடுங்கள். சர்க்கரை அதிகமாக இருந்தாலும் கிருமித் தொற்று இருந்தாலும் கசிவு கூடும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

மாமியாரின் பயத்தையும் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அவர் காலத்தில் பிரசவமான சில நாளிலேயே வயலுக்குப் போன பெண்களுக்கு அடி இறங்கியதை அவர் பார்த்திருப்பார். பிரசவம், வயது, உடல் எடை, தீராத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது, வருடக்கணக்கில் நாள் முழுக்க பாரம் சுமப்பது எல்லாம் சேர்ந்துதான் கர்ப்பப்பையை இறக்குகின்றன. மூச்சை விட்டபடி, அளவாக, படிப்படியாகச் செய்யும் பயிற்சி அந்தக் கணக்கில் வராது. ஒன்றே ஒன்று: கீழே ஏதோ பந்துபோல இறங்கி நிற்கும் உணர்வு, மாலையில் அடிவயிற்றில் கனம் இருந்தால், எடையைத் தொடுவதற்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். இல்லை என்றாலும் கசிவைப் பற்றி அவரிடம் சொல்லலாம். வாய் வரவில்லை என்றால் எனக்கு எழுதிய அதே வரியை ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

ஜிம்மா, வீடா?

மகள் கட்டிய பணம் வீணாகிவிடும் என்பதற்காகப் போக வேண்டாம். உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் போங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் ஆறு வாரம் வீட்டில் செய்துவிட்டு, பிறகு போவேன். சேரும் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று மகளை ஜிம்மில் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம். காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. சுவரோரம் போட்ட கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஆரம்பத்தில் உயரத்துக்கு ஒரு தலையணை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு, முன்னால் குனிந்து, முழங்கையை விலாவோடு பின்னால் இழுத்துத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் தலையணையை எடுங்கள், அரிசியை மூன்று கிலோ ஆக்குங்கள். எழும்போது ஊதி மூச்சை விடுங்கள், அப்போதே அடித்தளத்தை இறுக்குங்கள்.

நடையிலும் ஒரு மாற்றம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். சீரியல் கதை முழுவதையும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறது என்றால் வேகம் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் எட்டி நடந்து பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம். நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகளிடம் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒரே மூச்சாக முப்பது நிமிடம் நடப்பதைவிட இப்படிப் பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான் வித்தியாசம் அதிகம். பத்தாயிரம் அடி கணக்கை மறந்துவிடலாம். அது 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வைத்த பெயர். செருப்புக்குப் பதில் விரல் இடிக்காத ஷூ, பருத்திச் சாக்ஸ். ராத்திரி பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஜிம்மில் கிடைப்பதும் பெரிது. ஆஸ்திரேலியாவில், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்கள் வாரம் இரண்டு முறை அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்பார்வையில் நல்ல எடையைத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. போவதற்கு முன் ஒரு வேலை மட்டும் கட்டாயம்: கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை. சர்க்கரையால் அங்கே ரத்தக் குழாய்கள் பழுதாகியிருந்தால், மூச்சை அடக்கி எடை தூக்கும்போது கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். பயிற்சியாளரிடம் முதல் நாளே சர்க்கரை மாத்திரை, முழங்கால், பிரசவம், சிறுநீர்க் கசிவு நான்கையும் சொல்லுங்கள். சொல்ல வாய்ப்புத் தராமல் எல்லோருக்கும் ஒரே அட்டையை நீட்டும் இடம் என்றால் திரும்பி வந்துவிடலாம், அது உங்கள் உரிமை. பவுடரும் கொழுப்பு கரைக்கும் மாத்திரையும் விற்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு இட்லிக்குப் பதில் ஓர் இட்லியும் ஒரு முட்டையும், மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும் உங்களுக்குப் போதும். சிறுநீரகப் பரிசோதனை ஒரு வருடத்துக்குள் செய்யவில்லை என்றால் அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

இன்றைக்குக் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று மகனையோ கணவரையோ எண்ணச் சொல்லி, உங்கள் அளவு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். அப்போது வரும் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் அந்த எண்ணையும் எனக்கு எழுதுங்கள். கசிவு எப்படி இருக்கிறது என்பதையும், இந்த முறை கையெழுத்துக்கு மேலேயே.